சைடு ஸ்டெப் புராணம்

வங்கியில் வண்டிக் கடன் பார்க்கிறவனுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தோடு அடிக்கடி வேலை உண்டு. ஆனால் அந்த வேலை பெரும்பாலும் ஹைப்பாதிகேஷனைப் பற்றிப் பேசும் 51-ஆம் பிரிவோடு முடிந்துவிடும். அதற்கு மேல் பக்கம் புரட்டுகிறவர்கள் குறைவு. புரட்டினால் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 123-ஆம் பிரிவில் ஒரு சுவாரஸ்யமான விஷயம் கிடைக்கும். வண்டியின் ரன்னிங் போர்டில் யாரையும் ஏற்றிச் செல்லக் கூடாது, யாரும் அதில் பயணம் செய்யவும் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. கூரை, பானெட் இரண்டுக்கும் அதே தடைதான். இது புதிய கட்டளையும் இல்லை. அதற்கு முந்தைய 1939-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ரன்னிங் போர்டு பயணத்துக்குத் தடை இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1988-இல் நம் சாலைகளில் ஓடிய அம்பாசடர், பிரீமியர் பத்மினி, மாருதி 800 ஆகிய மூன்றில் ஒன்றுக்குக்கூட ரன்னிங் போர்டு கிடையாது! கார்களில் இருந்து எப்போதோ காணாமல் போன ஒரு பலகையின் பெயர் சட்டத்தில் மட்டும் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

அந்தப் பலகை இப்போது திரும்பி வந்துவிட்டது. பெங்களூர் அபார்ட்மெண்டுகளின் பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் நாலு கதவு பிக்கப் வண்டிகள் அங்கங்கே நிற்கின்றன. சனிக்கிழமை ஜே.சி. ரோடு பக்கம் போனால், உதிரி பாகக் கடைகளின் வாசலில் பளபளவென்று குழாய்களும் அலுமினியப் பலகைகளும் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். சைடு ஸ்டெப், ஃபுட்போர்டு, ரன்னிங் போர்டு, எந்தப் பெயர் சொல்லிக் கேட்டாலும் கடைக்காரருக்குப் புரியும். "பைப்பா, பிளேட்டா சார்?" என்றுதான் அவர் முதலில் கேட்பார்.

நான் வணிகவியல் படித்தவன், இன்ஜினியர் இல்லை. ஆனால் பைப்பா பிளேட்டா என்ற அந்தக் கேள்விக்குப் பதில் கடையில் இல்லை, சரித்திரத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

வண்டி உயரம், மனிதன் குள்ளம்

சக்கரம் பெரிதாக இருந்தால் பள்ளம் மேட்டில் வண்டி சுலபமாக ஓடும். இது மாட்டு வண்டிக் காலத்துப் பாடம். ஆனால் சக்கரம் பெரிதானால் அச்சு உயரும், அச்சு உயர்ந்தால் அதன் மேல் இருக்கும் தளமும் உயரும். தளம் உயர்ந்தால் ஏறுகிறவருக்குக் கஷ்டம். வண்டி செய்தவர்கள் எல்லா தேசத்திலும் இதற்கு ஒரே விடையைத்தான் கண்டுபிடித்தார்கள், அது ஒரு படி. நம் வில்வண்டியின் பின்பக்கம் ஓர் இரும்புப் படி தொங்கும். ஐரோப்பியக் குதிரை வண்டிகளில் மடித்து வைக்கும் படிகள் இருந்தன.

குதிரையை எடுத்துவிட்டு இன்ஜினை வைத்தபோது உயரம் குறையவில்லை. ஹென்றி ஃபோர்டின் மாடல் டி நல்ல உதாரணம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரான கார் அது. அமெரிக்கக் கிராமத்து மண் ரோட்டுக்காகவே உயரமாகச் செய்தார்கள். டயரின் வெளிவட்டம் 30 அங்குலம். கணுக்கால் வரை பாவாடை உடுத்திய பெண்கள் அதில் ஏற வேண்டும். ஆகவே முன்சக்கர மட்கார்டையும் பின்சக்கர மட்கார்டையும் இணைத்து, வண்டியின் நீளத்துக்கு ஒரு பலகை போட்டார்கள். இதுதான் ரன்னிங் போர்டு.

பலகைக்கு இரண்டாவது வேலையும் இருந்தது. சக்கரம் வாரி அடிக்கும் சேறு வண்டிக்குள் இருப்பவர்கள் மேல் தெறிக்காமல் அது தடுத்தது. போகப் போக அது ஒரு பரணாகவும் மாறியது. மின்சார விளக்கு வருவதற்கு முந்தைய மாடல் டி கார்களில், முகப்பு விளக்குக்கு வாயு தயாரிக்கும் கார்பைடு டப்பா இந்தப் பலகை மேல்தான் உட்கார்ந்திருந்தது. டூல் பெட்டி, உபரி டயர், வெளியூர் போகும்போது சூட்கேஸ் எல்லாம் அங்கேதான். சூட்கேஸ் விழாமல் இருக்க மடக்குக் கம்பி வேலி தனியாக விற்றார்கள். இன்றைய ஜே.சி. ரோட்டு வியாபாரத்துக்கு அது முன்னோடி என்று வைத்துக்கொள்ளலாம் :-)

படி என்பது ஏறுவதற்கு. ஆனால் அகலமாக ஒரு பலகை கிடைத்தால் மனிதன் அதில் நிற்கத்தான் செய்வான். வண்டிக்குள் இடமில்லாதவர்கள் நின்றார்கள், காவலுக்குப் போனவர்கள் நின்றார்கள். 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் ஜனாதிபதி கென்னடியின் காருக்குப் பின்னால் வந்த காரில், ரகசியப் பாதுகாப்புப் படையினர் ரன்னிங் போர்டில் நின்றபடிதான் வந்தார்கள். குண்டு பாய்ந்ததும் கிளின்ட் ஹில் என்பவர் அந்தப் பலகையிலிருந்து குதித்து ஓடி, முன்னால் போன காரின் பின்பக்கம் தாவி ஏறினார். அந்தக் காலத்துக்குள் சாதாரணக் கார்கள் பலகையைக் கைவிட்டிருந்தன. காவல் வண்டிகள் மட்டும் நிற்பதற்காக அதை வைத்துக்கொண்டிருந்தன.

பலகை எங்கே போனது?

1930-களில் ரோடு மேம்பட்டது, வேகம் கூடியது, வண்டி தாழ்ந்தது. தளம் தாழ்ந்துவிட்டால் படி எதற்கு? 1936-ஆம் ஆண்டு மாடலான கார்டு 810 ரன்னிங் போர்டு இல்லாமல் வந்தது. 1938-இல் காடிலாக் சிக்ஸ்டி ஸ்பெஷலும் அப்படியே. பலகைக்கு வெளியே ஒதுக்கிய இடத்தை வண்டியின் உடம்புக்குள் சேர்த்துக்கொண்டார்கள். உள்ளே தாராளமாக மூன்று பேர் உட்காரும் அகலம் கிடைத்தது.

இதில் ஒரு படி மேலே போனது ஹட்சன் கம்பெனி (ஒரு படி கீழே என்று சொல்ல வேண்டும்!). 1948-ஆம் ஆண்டு மாடலில் அவர்கள் தளத்தைச் சட்டத்துக்கு மேலே வைக்காமல், சட்டத்தின் இரண்டு தண்டுகளுக்கு நடுவே கீழே இறக்கிவிட்டார்கள். ஏறுகிறவர் காருக்குள் காலை வைத்தால் கால் கீழே இறங்கும். அதையே விளம்பரமாக்கி அந்தக் காருக்கு 'ஸ்டெப் டவுன்' என்று பேர் வைத்தார்கள்.

நம் ஊருக்கு 1950-களில் வந்து சேர்ந்த கார்கள் பலகையைத் துறந்த தலைமுறை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்த அம்பாசடர் 1957 தொடங்கி 2014 வரை தயாரானது. அதன் வாழ்நாள் முழுவதும் ரன்னிங் போர்டு இல்லை, தேவைப்படவும் இல்லை. புடவை கட்டிய பாட்டிகள் முதலில் சீட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் உள்ளே இழுத்துக்கொள்ள அந்த உயரம் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கல்யாண வீட்டுக்கு அம்பாசடரையே கேட்டு வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

கடைசி வரை பலகையை விடாமல் வைத்திருந்த பிரபலமான கார் என்றால் ஃபோக்ஸ்வாகன் பீட்டில். 2003-இல் மெக்சிகோவில் கடைசி பழைய பீட்டில் வெளிவந்தபோதும் அதன் இடுப்பில் மெல்லிய ஒரு பலகை இருந்தது. அதில் யாரும் ஏறவில்லை. பரம்பரை நகை போல ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஆக, முதல் பாடம் இது. உயரத்துக்கு இரண்டு மருந்து உண்டு. ஒன்று தளத்தைத் தாழ்த்துவது, மற்றது படி வைப்பது. கார் உலகம் முதல் மருந்தைத் தேர்ந்தெடுத்தது.

பிக்கப் மட்டும் விடவில்லை

சுமை வண்டியால் தளத்தைத் தாழ்த்த முடியாது. இரண்டு நீளத் தண்டுகளை ஏணி மாதிரி குறுக்குக் கம்பிகளால் இணைத்த சட்டம், அதன் மேல் கேபினும் பெட்டியும். வயலுக்கும் போக வேண்டும், பாரமும் தாங்க வேண்டும். 1925-இல் ஃபோர்டு கம்பெனியே மாடல் டி வண்டியில் பின்பெட்டி வைத்துத் தொழிற்சாலையிலிருந்து விற்க ஆரம்பித்தது. அப்போதிலிருந்து பிக்கப்புக்கும் படிக்கும் பிரியாத உறவு.

1947-இல் வந்த ஷெவர்லே பிக்கப்புகளிலும் கேபின் ஓரம் படி இருந்தது. பின்சக்கர மட்கார்டு பெட்டிக்கு வெளியே உப்பிக்கொண்டு நிற்கும், கேபினுக்கும் அந்த மட்கார்டுக்கும் நடுவே ஒரு சின்னப் படி. அதில் கால் வைத்துப் பெட்டிக்குள் கை நீட்டி மூட்டையை எடுக்கலாம். பிறகு 1957-இல் ஃபோர்டும் 1958-இல் ஷெவர்லேயும், பக்கவாட்டில் வழவழவென்று நேராக இருக்கும் பெட்டியைக் கொண்டு வந்தார்கள். அது பார்க்க அழகு, கொள்ளளவும் கூடுதல். பழைய வகையை ஷெவர்லே 'ஸ்டெப்சைடு' என்று பேர் சொல்லி விற்றது. எல்லா வண்டிக்கும் இருந்த ஒரு படி, கேட்டு வாங்க வேண்டிய ஒரு மாடலின் பெயராக ஆன கதை இது.

அதன் பிறகு பிக்கப் வயலை விட்டு ஊருக்குள் குடியேறியது. அலுவலகம் போக, பள்ளிக்கூடம் போக, காய்கறி வாங்க என்று குடும்ப வண்டியாக ஆனது. உயரம் மட்டும் குறையவில்லை. அது கம்பீரம் என்று ஆகிவிட்டது. ஆகவே காணாமல் போன படியைத் தனியாக விற்க வேண்டி வந்தது. 2003-ஆம் ஆண்டு மாடல் லிங்கன் நாவிகேட்டரில் கதவைத் திறந்தால் மோட்டாரால் கீழே இறங்கி, மூடினால் ஒளிந்துகொள்ளும் பலகை வந்தது. அதைப் பார்க்கும்போது எனக்குக் குதிரை வண்டியின் மடிப்புப் படிதான் ஞாபகம் வருகிறது. நூறு வருஷம் சுற்றிவிட்டு மனிதன் அதே இடத்துக்கு வந்து நின்றான், இந்த முறை கூடவே ஒரு மோட்டார் இருந்தது.

நம்ம ஊர் ஃபுட்போர்டு

இதுவரை சொன்னது வண்டி வாங்க முடிந்தவர்களின் கதை. நம்மில் பெரும்பாலானோருக்கு ஃபுட்போர்டு என்றால் பஸ்தான்.

நம் பஸ்ஸின் கதை பிக்கப்பின் கதையேதான். சுதந்திரத்துக்குப் பிறகு எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. 1954-இல் டாடா, மெர்சிடிஸ் பென்ஸோடு சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தது. லாரிக்கு எந்தச் சேஸிஸோ ஏறக்குறைய அதே சேஸிஸ் பஸ்ஸுக்கும். அதன் மேல் தகடு அடித்து ஜன்னல் வைத்தால் பஸ். அரிசி மூட்டைக்குச் சரியான உயரம் அரிசி வாங்கப் போகும் அம்மாவுக்கும் சரி என்று முடிவாகிவிட்டது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி வீட்டு மாடிப்படியில் ஒரு படியின் உயரம் 190 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. 2008-இல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் நகரப் பேருந்துகளுக்கான விவரக்குறிப்பை வெளியிட்டபோது பஸ் தளத்தை மூன்று வகையாகப் பிரித்தது: 400 மி.மீ., 650 மி.மீ., 900 மி.மீ. இதில் 900 மி.மீ. என்பது கிட்டத்தட்ட ஐந்து வீட்டுப் படி. அதை பஸ்ஸில் மூன்று எட்டில் ஏற வேண்டும் என்றால் ஒவ்வொரு எட்டும் 300 மி.மீ. அதாவது ஒரு அடி. ஒரு கையில் பை, இன்னொரு கையில் குழந்தை, பின்னால் "சீக்கிரம் ஏறுங்கம்மா" என்று கண்டக்டர். முழங்கால் என்ன பாடு படும் என்பதை ஏறியவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆனால் நம் ஊரில் ஃபுட்போர்டைப் பற்றிய பேச்செல்லாம் தொங்குகிறவர்களைப் பற்றியதுதான். 'படியில் பயணம் நொடியில் மரணம்' என்ற வாசகத்தைத் தமிழ்நாட்டு பஸ்ஸில் படிக்காமல் வளர்ந்தவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. அது தேவையான எச்சரிக்கைதான், சந்தேகமே இல்லை. அந்தப் படியில் உயிரை விட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். 123-ஆம் பிரிவின் கவலையும் அதுதான். படியில் நிற்கிறவனைப் பற்றி அது பேசுகிறது. ஏற முடியாமல் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றுவிட்ட கிழவியைப் பற்றி அது பேசவில்லை. தொங்குகிறவனை எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரியும். வீட்டிலேயே தங்கிவிட்டவர் யார் கணக்கிலும் வருவதில்லை.

சட்டத்துக்குப் புடவையே தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில், பைக்கில் பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடியும் கால் வைக்க இடமும் வேண்டும், அவர் உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பும் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. தற்செயலாக அதன் எண்ணும் 123! புடவை கார்டு என்று நாம் சொல்கிறோமே, அதுதான். பின்னால் உட்காரும் பெண்ணை நினைத்து எழுதிய விதி அது. கார் கதவருகே நிற்கும் பெண்ணின் முழங்காலை இப்படி யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

2006, பெங்களூர்

இந்த இடத்தில்தான் நாம் பிழைக்க வந்த ஊர் கதைக்குள் வருகிறது. பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொஸகோட்டையில் வால்வோ கம்பெனி முதலில் லாரியும், 2001-இலிருந்து பஸ்ஸும் தயாரித்து வந்தது. 2006-இல் பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் கழகம் வால்வோவின் தாழ்தள ஏ.சி. பஸ்களை நகரத்துக்குள் விட்டது. பிறகு 'வஜ்ரா' என்று பேர் வாங்கிய பஸ்கள் அவை. இந்தியாவில் நகரப் பயணத்துக்கு வால்வோவைப் பயன்படுத்திய முதல் ஊர் இதுதான்.

ஏ.சி.யைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வாசல். இன்ஜின் பின்னால் போய்விட்டதால் முன்பாதியில் தளத்தைத் தாழ்த்த முடிந்தது. வாசலில் படிக்கட்டு இல்லை. நடைபாதை ஓரமாக நிறுத்தினால் நடைமேடையிலிருந்து ரயிலுக்குள் போவது போலக் காலை எடுத்து உள்ளே வைத்துவிடலாம். 400 மி.மீ. உயரத்தில் நடைபாதையின் 150 மி.மீ. போனால் மிச்சம் 250 மி.மீ.தான். (டிரைவர் நடைபாதை ஓரமாக நிறுத்துவாரா, நடு ரோட்டிலா என்பது தனிப் புராணம்.) 1948-இல் ஹட்சன் காருக்குக் கிடைத்த மருந்து 58 வருஷம் கழித்து நம் பஸ் பயணிக்குக் கிடைத்தது.

ஆனால் யாருக்குக் கிடைத்தது என்றும் பார்க்க வேண்டும். டிக்கெட் விலை சாதாரண பஸ்ஸைவிட வெகு அதிகம். ஐ.டி.பி.எல்., எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலைக்குப் போகும் இருபத்தைந்து வயது முழங்கால்கள் தாழ்ந்த வாசலில் ஏறின. மார்க்கெட்டில் பூ வாங்கித் திரும்பும் அறுபது வயது முழங்கால்கள் உயரமான படியிலேயே ஏறின. தாழ்ந்த தளம் வசதியாக விற்கப்பட்டதே தவிர, உரிமையாகக் கொடுக்கப்படவில்லை.

அது உரிமை என்று சொன்னவர்கள் மாற்றுத்திறனாளிகள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போக்குவரத்து வசதியை அரசின் கடமையாகச் சொல்கிறது. சென்னையில் உயரத் தளப் பேருந்துகள் வாங்குவதை எதிர்த்து உயர் நீதிமன்றம் வரை வழக்கு போனது. 2024 ஆகஸ்டில் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் தாழ்தளப் பேருந்துகளை இறக்கியது, அதுவும் சாதாரணப் பயணிக்காக. சக்கர நாற்காலிக்காகப் போராடி வாங்கிய வாசலில் முழங்கால் வலிக்காரரும் கர்ப்பிணியும் மூட்டை தூக்கியவரும் சேர்ந்து ஏறுகிறார்கள்.

பிடதியில் செய்த உயரம்

இப்போது மைசூர் ரோட்டில் பிடதிக்கு வாருங்கள். 2000-இல் குவாலிஸ், 2005-இல் இன்னோவா என்று டொயோட்டா குடும்ப வண்டிகள் செய்த இடம். 2022-இல் ஹைலக்ஸ் பிக்கப்பும் அங்கிருந்து வர ஆரம்பித்தது. அதற்கு முன்பே 2016-இல் ஶ்ரீசிட்டியிலிருந்து இசுசு வி-கிராஸ் வந்துவிட்டது. அதற்கும் முன்னால் 1988-இல் டாடாமொபைல், 2007-இல் மஹிந்திராவின் ஸ்கார்பியோ கெட்அவே என்று வரிசை உண்டு. ஹொஸகோட்டையில் தளத்தைத் தாழ்த்திய அதே ஊர் பிடதியில் தளத்தை உயர்த்துகிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஊரில் தோப்பும் கிணறும் உள்ளவருக்கு, வெள்ளிக்கிழமை ராத்திரி கிருஷ்ணகிரி வழியாகப் போய் மண் பாதையில் இறங்க வேண்டியவருக்கு, அந்த உயரம் உபயோகமானதுதான்.

ஆனால் வண்டியைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், ஏறுகிறவர் இன்னொருவர். நாற்பது வயதுக்காரர் டெஸ்ட் டிரைவ் போகிறார், ஒரே தாவில் ஏறுகிறார், "நல்லா இருக்கு" என்கிறார். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து மெஜஸ்டிக்கிலோ கண்டோன்மெண்டிலோ இறங்கும்போதுதான் உயரம் தெரிகிறது. அவர்கள் வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார்கள். "நீங்க போயிட்டு வாங்கப்பா, எனக்குக் கோயில் எல்லாம் வேண்டாம், வீட்டுலயே இருக்கேன்" என்பார்கள். நாமும் அம்மாவுக்கு அலுப்பு என்று நினைத்துக்கொள்வோம். ஒரு பலகையின் உயரம் வீட்டில் ஒருவரின் உலகத்தையே சுருக்கிவிடும். சைடு ஸ்டெப்பை அலங்காரச் சாமான் என்று நினைத்து வாங்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, பைப்பா பிளேட்டா? சரித்திரம் சொல்லும் பதிலைப் பார்ப்போம்.

பைப்: அமெரிக்கப் பந்தயக் கார்களில் ஒரு காரின் சக்கரம் இன்னொன்றில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பக்கவாட்டில் வைத்த குழாயின் வாரிசு இது. ஏறுவதற்காகப் பிறந்தது இல்லை. கால் வைக்கும் இடத்தில் மட்டும் ரப்பர் பட்டை இருக்கும். மழையில் குழாயின் வளைவு வழுக்கும். முன் கதவுக்கு மட்டும் பட்டை வைத்துப் பின் கதவை மறந்த வகைகளும் உண்டு. அப்பா அம்மா உட்காருவது பின் சீட்டில் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேட்: மாடல் டி பலகையின் நேரடி வாரிசு. பாதம் முழுசாகப் பதியும், சேறும் ஓரளவு தடுக்கும். ஆனால் வெளியே அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் இறங்கும்போது அதைத் தாண்டிக் காலை வைக்க வேண்டும். பலகையின் சேறு வேட்டியிலும் புடவைக் கரையிலும் ஒட்டும். முனையில் கூர்மையான கிளாம்ப் இருந்தால் கரை மாட்டும்.

கல்லும் பாறையும் உள்ள பாதைக்காகச் செய்த கனமான தடுப்புக் குழாய் மூன்றாவது வகை. அது வண்டியின் விலாவைக் காப்பாற்றுவதற்காகச் செய்தது. பெரும்பாலும் உயரத்திலேயே இருக்கும், ஏறுவதற்கு உதவாது.

எதை வாங்கினாலும் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு இஞ்சு டேப் எடுத்துத் தரையிலிருந்து கேபின் தளம் வரை அளந்துகொள்ளுங்கள். உதாரணத்துக்கு 600 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். படி 450 மி.மீ.யில் இருந்தால் முதல் எட்டே ஒன்றரை அடி, அது இருந்தும் பிரயோஜனமில்லை. 300 மி.மீ. பக்கம் வந்தால் இரண்டு எட்டும் சமம். அதற்கும் கீழே தொங்கினால் மேட்டில் இடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் பாதைக்கும் உங்கள் வீட்டாருக்கும் ஏற்ற சமரசத்தை நீங்கள்தான் செய்துகொள்ள வேண்டும். அடுத்து, படி எதில் மாட்டியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். ஏணிச் சட்டத்தில் உறுதியான பிராக்கெட்டோடு மாட்டியிருப்பது நல்லது. மெல்லிய தகட்டில் மாட்டியது கொஞ்ச நாளில் ஆடும். ஆடும் படியில் வயதானவர் இரண்டாவது முறை கால் வைக்க மாட்டார். மூன்றாவது, கைப்பிடி. படி பாதி வேலைதான் செய்யும், கதவுத் தூணில் உள்ள கைப்பிடி மீதியைச் செய்யும். பின் கதவுக்கும் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி வங்கிக்காரன் பேச்சு கொஞ்சம். 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் முன்பக்க இரும்புக் கம்பிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொன்னது நினைவிருக்கும். அதற்கு அடிப்படை, வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்ற 52-ஆம் பிரிவு. ஆகவே வண்டியின் அகலத்துக்கு வெளியே நீட்டும், வெல்டிங் செய்து ஒட்டும் சாமான்களைத் தவிர்ப்பது நல்லது. கம்பெனியே அந்த மாடலுக்கென்று விற்கும் படி கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தாலும் தலைவலி குறைவு. பில்லை வாங்கி வைத்துக்கொண்டு, இன்சூரன்ஸ் பாலிசியில் கூடுதல் சாமான் மதிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். சொல்லாமல் மாட்டிய படிக்கு, வண்டி இடிபட்டால் பணம் வராது.

ஆனால் இதையெல்லாம் விட முக்கியமான ஒரு யோசனை உண்டு, செலவும் இல்லாதது. ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் வீட்டில் இருப்பவர்களிலேயே வயதானவரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். அவர் எப்போதும் உடுத்தும் உடையிலும், எப்போதும் போடும் செருப்பிலும் வரட்டும். படி மாட்டிய அதே மாடல் வண்டி ஒன்றில் பின் சீட்டில் அவரை ஏறச் சொல்லுங்கள், பிறகு இறங்கச் சொல்லுங்கள். நீங்கள் கை கொடுக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். "பரவாயில்லப்பா" என்று அவர் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள், அவர் முழங்கால் என்ன சொல்கிறது என்று பாருங்கள். மாடல் டி செய்தவர்கள் கணுக்கால் வரை பாவாடை உடுத்திய பெண்களையும் ஏற்றிவிடும் பலகை போட்டார்களே, அந்த ஒரு நினைப்பு இருந்தால் போதும். பைப்பா பிளேட்டா என்று கடைக்காரர் கேட்கும்போது அவரே பதில் சொல்லிவிடுவார்.